‘அட்டென்ஷனுக்காகச் செய்கிறாள்’ என்று சொல்வதற்கு முன்: கொடுமையையும் புறக்கணிப்பையும் கடந்து வந்தவர்களை மனநல வார்டில் புரிந்துகொள்வது

மனநலப் பிரிவில் நான்கு வாரப் பயிற்சியில் இருக்கும் பி.எஸ்சி. நர்சிங் மாணவி ஒருவர் கேட்டிருப்பது இது. பெண்கள் வார்டில் 26 வயது நோயாளி ஒருவர் இருக்கிறார். மனச்சோர்வு, டிசோசியேட்டிவ் வலிப்பு என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது. கணவர் பார்க்க வரும் நாட்களில் வலிப்பு வருகிறது. ஒரு நாள் மாணவி அவருடைய முதுகுப்பக்கமாக வந்து கையைப் பிடித்து பி.பி. பார்க்க முயன்றபோது அலறிக் கருவியைத் தள்ளிவிட்டார். மற்ற நேரங்களில் எதுவும் பேசுவதில்லை, எதுவும் கேட்பதுமில்லை. சீனியர்கள் ‘எல்லாம் அட்டென்ஷனுக்காகத்தான், கண்டுகொள்ளாதே’ என்கிறார்கள். சிறு வயதில் அவருக்கு ஏதோ நடந்திருக்கும் என்று மாணவிக்குத் தோன்றுகிறது. அவரை எப்படிப் புரிந்துகொள்வது, நடந்ததைக் கேட்கலாமா என்பதே கேள்வி.

மனநலச் செவிலியராகவும் பின்னர் ஆசிரியராகவும் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நடந்தது என்ன என்று கண்டுபிடிப்பது உங்கள் முதல் வேலையல்ல. அவருக்கு முன்பு நடந்தது வார்டில் நம் கையால் மறுபடி நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. கதை தெரியாமலேயே அதைச் செய்ய முடியும், பெரும்பாலும் அப்படித்தான் செய்தாகவும் வேண்டும்.

முதலில் அந்த வலிப்பைப் பற்றி. டிசோசியேட்டிவ் வலிப்பு நடிப்பல்ல. மூளையின் மின்னோட்டத்தில் கால்கை வலிப்புக்குரிய மாற்றம் இருக்காது, ஆனால் அந்த நேரத்தில் உடல் நோயாளியின் கட்டுப்பாட்டிலும் இருக்காது. கண்கள் இறுக மூடியிருப்பது, நெடுநேரம் நீடிப்பது, விட்டுவிட்டு வருவது போன்ற அடையாளங்கள் ஐயத்தை எழுப்பும். வீடியோவுடன் சேர்த்துப் பதிவு செய்யும் இ.இ.ஜி. (மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனை)தான் அதை உறுதிப்படுத்தும். இரண்டு வகை வலிப்பும் ஒருவருக்கே இருக்கக்கூடும் என்பதால், எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று நீங்கள் எழுதி வைக்கும் குறிப்பு மருத்துவருக்கு மிகப் பெரிய உதவி. மார்பெலும்பை முட்டியால் அழுத்திப் பார்ப்பது, மூக்கில் அம்மோனியா பஞ்சை வைப்பது, கையைத் தூக்கி முகத்தின் மேல் விட்டுப் பார்ப்பது என்று ‘பொய்யைக் கண்டுபிடிக்கும்’ வித்தைகளை நானும் பார்த்திருக்கிறேன். கொடுமைக்கு ஆளானவருக்கு அவை இன்னொரு கொடுமை, அவ்வளவுதான். அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், தாழ்ந்த குரலில் உங்கள் பெயரையும் இடத்தையும் சொல்லிக்கொண்டிருங்கள். நம் ஊரில் இதே நிலையைப் ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று சொல்லி வேப்பிலையால் அடித்த பிறகே பலரை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். நம்மிடம் வரும்போதே அவர் பலமுறை தண்டிக்கப்பட்டவராக இருக்கலாம்.

ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் மாட்டிக்கொண்ட குழந்தைக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி மனத்தால் அந்த இடத்தை விட்டு விலகிப் போவதுதான். உடல் அங்கே கிடக்கும், ஆள் இருக்கமாட்டார். டிசோசியேஷன் என்பது இதுதான். அன்றைக்கு அது உயிரைக் காத்த உத்தி. பிரச்சினை என்னவென்றால் ஆபத்து போன பிறகும் அது போவதில்லை. ஒரு வாசனை, ஒரு செருப்புச் சத்தம், முதுகுக்குப் பின்னாலிருந்து நீளும் ஒரு கை போதும், யோசிக்கும் மூளை விழித்துக்கொள்வதற்குள் அச்சத்தின் மையமான அமிக்டலா மணி அடித்துவிடும். உங்கள் நோயாளி உங்களைத் தள்ளவில்லை என்றே நினைக்கிறேன். அந்த நொடியில் நீங்கள் அவருக்கு நீங்களாகவே இருந்திருக்க மாட்டீர்கள்.

தொல்லையாகத் தெரியும் பழக்கம் பாதுகாப்பாகவும் இருக்கலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1980களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடந்தது. வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் பருமனுக்கான சிகிச்சை மையம் ஒன்றை நடத்தினார். அவருக்குப் புரியாத விஷயம், எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனதுதான். உட்கார்ந்து பேசியபோது அவர்களில் பலர் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. பருத்த உடல் ஆண்களின் பார்வையிலிருந்து அவர்களை மறைத்துவைத்திருந்தது. மருத்துவர் நோயென்று கருதியதை நோயாளி மருந்தாக வைத்திருந்தார். அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சியை ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் மற்றவர்களும் 1998இல் வெளியிட்டார்கள். 17,000க்கும் மேற்பட்டோரை உள்ளடக்கி வளர்ந்த அந்த ஆய்வில், நான்கு வகை அல்லது அதற்கு மேல் குழந்தைப் பருவத் துன்பங்களைக் கண்டவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. இந்த எண்ணிக்கை மக்கள்தொகையைப் பற்றிப் பேசுவதற்கானது. வார்டில் ஒரு தனி மனிதருக்கு மதிப்பெண் போட்டு இவர் இப்படித்தான் ஆவார் என்று சொல்வதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டோர் ஏதோவொரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். ஆகவே, யாருக்கு நடந்திருக்கும் என்று தேடிக்கொண்டிராமல், வார்டில் இருக்கும் யாருக்கும் நடந்திருக்கலாம் என்று எல்லோரிடமும் ஒரே கவனத்துடன் நடந்துகொள்வதே பாதுகாப்பானது.

இப்போது உங்கள் வார்டை ஒரு நோயாளியின் கண்ணால் பாருங்கள். வெளியே பூட்டிய கதவு. வந்தவுடன் நகைகளையும் துப்பட்டாவையும் கழற்றிக் கொடுக்கச் சொல்கிறார்கள். குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு யாரோ முகத்தில் டார்ச் அடிக்கிறார்கள். ஊசி வேண்டாம் என்றால் நான்கு பேர் பிடித்து, குப்புறப் படுக்கவைத்து, துணியை விலக்கிக் குத்துகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் காரணம் இருக்கிறது, அந்தக் காரணங்களில் பல நியாயமானவையும்கூட. ஆனால் இருட்டில் வந்தவரின் கையை வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்ட ஒருவருக்கு, இது சிகிச்சை என்று அவருடைய உடல் எப்படி நம்பும்? நான் பணியாற்றிய ஒரு வார்டில் ஒரு பெண் கட்டிலில் படுக்காமல், கட்டிலுக்கு அடியில் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் தூங்குவார். மூன்று இரவுகள் அவரை வெளியே இழுத்து மேலே படுக்கவைத்தோம், மூன்று இரவும் ரகளை. நான்காம் நாள் வயதான ஆயாம்மா ஒருவர் ஒரு பாயையும் தலையணையையும் கட்டிலுக்கு அடியிலேயே விரித்துக் கொடுத்தார். ரவுண்ட்ஸ் போகும்போது கதவருகே நின்று, டார்ச்சைத் தரையில் அடித்து, ‘நான்தாம்மா, நைட் சிஸ்டர்’ என்று பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போகத் தொடங்கினோம். இரண்டாவது வாரம் அவராகவே மேலே ஏறிப் படுத்தார். யாரும் அவருடைய கதையை அதுவரை கேட்டிருக்கவில்லை.

கட்டுவது, பிடித்து அடக்குவது பற்றிச் சட்டமே தெளிவாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவு, நோயாளிக்கோ மற்றவர்களுக்கோ உடனடியாக நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீளாதபடிதான் உடலைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. தண்டனையாகவோ மிரட்டலாகவோ கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறையைக் காரணமாகக் காட்டியும் கட்டக் கூடாது. கடைசி வரியை எந்த டூட்டி ரூம் சுவரிலும் நான் பார்த்ததில்லை. சங்கிலியால் பிணைப்பதை 95ஆம் பிரிவு அறவே தடை செய்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் இருந்த மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். வீட்டிலோ வேறிடத்திலோ கட்டிவைக்கப்பட்ட தழும்பு கணுக்காலில் இருக்கும் நோயாளிகளை நீங்களும் சந்திப்பீர்கள். அந்தக் காலில் மறுபடி ஒரு கட்டு விழும்போது அவருக்கு எந்த இடம் நினைவுக்கு வரும் என்று விளக்க வேண்டியதில்லை.

நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நாம் அன்பாகப் பேச வேண்டுமென்றால் உறவுமுறை சொல்லித்தான் அழைக்கிறோம். ஆண் உதவியாளரைக் காட்டி ‘மாமா வந்திருக்கார் பாரு, ஊசி போட்டுக்கோ’ என்கிறோம், ‘அப்பா மாதிரி நினைச்சுக்கோ’ என்கிறோம். ஆனால் குழந்தைகளுக்குக் கொடுமை செய்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். மாமா, சித்தப்பா, அண்ணன் என்று அழைக்கப்பட்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு நம் அன்பான சொல்லே பயத்தைக் கிளப்பலாம். ‘உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?’ என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பெயரைச் சொல்லி மரியாதைப் பன்மையில் அழைப்பது எப்போதும் பழுதில்லாதது. தொடுவதற்கும் இதே விதிதான். முன்பக்கமாக வந்து, கருவியைக் காட்டி, ‘கையில் கட்டுவேன், கொஞ்சம் இறுகும், நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவேன்’ என்று சொல்லிவிட்டு, அவர் கையை நீட்டும்வரை காத்திருங்கள். அவர் நிறுத்தச் சொன்னால் உண்மையிலேயே நிறுத்துங்கள். அவருடைய வாழ்க்கையில் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு மதிப்புக் கிடைப்பது அதுவே முதல் முறையாக இருக்கக்கூடும்.

உங்கள் கேள்வியில் என்னை அதிகம் நிறுத்தியது அலறலைவிட ‘எதுவும் கேட்பதில்லை’ என்ற சொற்கள்தான். அடியும் அத்துமீறலும் நடந்த நிகழ்ச்சிகள், என்றைக்காவது சொல்ல முடிந்தால் சொல்லலாம். புறக்கணிப்பு நடக்காமல் போனவற்றின் வரலாறு. பசித்தபோது வராத சோறு, காய்ச்சலில் நெற்றியைத் தொடாத கை, வயதுக்கு வந்தபோது என்னவென்று சொல்லித்தராத வீடு. இவற்றை ஒருவர் சம்பவமாக எப்படிச் சொல்வார்? ‘எனக்கு ஒண்ணும் நடக்கலை சிஸ்டர்’ என்பார், அது உண்மையும்கூட. அழுதும் யாரும் வராத குழந்தை ஒரு கட்டத்தில் அழுவதை நிறுத்திவிடுகிறது. ருமேனியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்த 1989க்குப் பிறகு வெளியுலகம் கண்ட அநாதை இல்லங்களில் பார்வையாளர்களை அதிரவைத்தது அந்த அமைதிதான். 2000ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டின் தலைநகர் புக்கரெஸ்டில் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஜீனா ஆகியோர் தொடங்கிய ஆய்வில் இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். வளர்ப்புக் குடும்பங்களுக்கு, குறிப்பாக இரண்டு வயதுக்குள், மாற்றப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அடிக்காமல், வெறுமனே கவனிக்காமல் விட்டாலே மூளை வளர்ச்சியும் பாசமும் குன்றிப்போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இப்படி வளர்ந்தவர் வார்டில் ‘நல்ல பேஷன்ட்’ ஆகிவிடுவார். மணி அடிக்கமாட்டார், வலி என்று சொல்லமாட்டார், நாப்கின் கேட்க மாட்டார், கிழிந்த துணியை வைத்துச் சமாளிப்பார். ஐம்பது பேரைப் பார்க்க வேண்டிய வார்டில் அவர்மீது யாருடைய கண்ணும் விழாது, வீட்டில் நடந்ததே இங்கும் நடக்கும். சிலர் இதற்கு நேரெதிராக, வந்த அன்றே யார் கையையாவது பிடித்துக்கொண்டு ‘நீங்கதான் எனக்கு அம்மா’ என்பார்கள். அது உங்கள் நல்ல குணத்துக்குக் கிடைத்த சான்றிதழ் அல்ல, கிடைக்கும் முதல் கையைப் பிடித்துக்கொள்ளும் பழைய பசி. இரண்டு விதமானவர்களுக்கும் தேவைப்படுவது ஒன்றே. கேட்காமலேயே, சொன்ன நேரத்தில், ஒவ்வொரு நாளும் வருகிற சிறு கவனிப்பு. ‘ஏதாவது வேணுமா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்ற பதில்தான் வரும். ‘தண்ணி கொண்டுவந்திருக்கேன், இங்கே வைக்கிறேன்’ என்று சொல்லி வையுங்கள்.

இதில் நான் செய்த ஒரு தவற்றை மறக்க முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வார்டு இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள், ஒரு நோயாளியின் தலையணை உறைக்குள்ளிருந்து செய்தித்தாளில் சுற்றிய இட்லிகளை எடுத்தேன். நான்கைந்து இருக்கும், பூஞ்சை பிடித்து நாறின. எல்லோர் முன்னிலையிலும் அவற்றைக் கொட்டி, ‘எறும்பு வரும்னு தெரியாதா?’ என்று திட்டினேன். அவர் ஒரு சொல் பேசவில்லை. அடுத்த இரண்டு நாள் சாப்பிடவுமில்லை. அவர் சிறு வயதில் நாள்கணக்கில் பட்டினி கிடந்தவர் என்று பின்னால்தான் தெரிந்தது. நாளைக்குச் சோறு வரும் என்பதற்கு அவருக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, அந்த இட்லிகள்தான் உத்தரவாதம். எங்கள் வார்டு சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் பிஸ்கட் பாக்கெட்டுகளை வைத்து மூடி, ‘இது உங்களுடையது, யாரும் எடுக்கமாட்டாங்க, தீர்ந்தா சொல்லாமலே நிரப்புவோம்’ என்று அவர் கட்டிலருகே வைக்கச் சொன்னார். முதல் வாரம் தினமும் நிரப்பினோம். போகப் போக டப்பா அப்படியே இருந்தது, ஆனால் வீட்டுக்குப் போகும் நாள்வரை அதை நகர்த்த அவர் விடவில்லை.

இனி, கேட்கலாமா என்ற கேள்வி. மாணவியாகிய நீங்கள் தோண்டிக் கேட்க வேண்டாம். அரைகுறையாகத் திறந்துவிட்டு டூட்டி முடிந்து போய்விட்டால், அந்த இரவை அவர் தனியாகக் கடக்க வேண்டும். ஆனால் சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்ற கதவைத் திறந்து வைக்கலாம். ‘சொல்லணும்னு கட்டாயம் இல்லை. சொல்லத் தோணினா மத்தியானம் ஒரு மணி வரைக்கும் இங்கேதான் இருப்பேன்’ என்பது போதும். எந்த நிலையிலும் அட்டெண்டர், அதாவது நோயாளியுடன் தங்கியிருக்கும் உறவினர், பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். நம் மருத்துவமனைகள் உறவினரை நம்பியே ஓடுகின்றன, அதனால் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரே கொடுமை செய்தவராக இருக்கக்கூடும் என்பது நமக்கு உறைப்பதில்லை. கணவர் வரும் நாளில் வலிப்பு வருகிறது என்பதை வைத்து அவரைக் குற்றவாளி என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் அதைத் தேதியோடு பதிவு செய்து மருத்துவரிடம் சொல்வதும், பார்வையாளரைச் சந்திக்க விருப்பமா என்று நோயாளியிடம் தனியாகக் கேட்பதும் உங்களால் முடியும். மனநலச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வயதுவந்த எவரும் வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துத் தனக்கான பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம், அவர் கணவராகவோ பெற்றோராகவோ இருக்க வேண்டியதில்லை. இதை நோயாளிகளுக்கு யாரும் சொல்வதில்லை.

அவராகவே சொன்னால் உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார். அதிர்ச்சி, அழுகை, அறிவுரை எதையும் காட்டாதீர்கள். ‘ஏன் அப்பவே சொல்லலை?’, ‘கெட்ட கனவா நினைச்சு மறந்துடுங்க’ ஆகிய இரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்து நெஞ்சைக் கிழிக்கும் வாக்கியங்கள். ‘சொன்னதுக்கு நன்றி, நான் நம்புறேன், இது உங்க தப்பு இல்லை’ என்பது போதுமான பதில். அவர் பேச்சு தடுமாறி, கண் எங்கோ நிலைத்து, கை சில்லிட்டால் கதையை அங்கேயே நிறுத்தி, காலைத் தரையில் அழுத்தச் சொல்லி, அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லி, இன்றைக்கும் இங்கேயும் கொண்டுவாருங்கள். பிறகு அவர் சொன்ன சொற்களையே மேற்கோளிட்டு எழுதி, பொறுப்பு செவிலியரிடமும் மருத்துவரிடமும் மட்டும் தெரிவியுங்கள். டீ குடிக்கும் இடத்தில் பேசினால் அது மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் ரகசிய உரிமையை மீறுவது. சொல்பவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் நிலைமை வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி பாலியல் குற்றத்தைத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் தண்டனை உண்டு. ஆகவே குழந்தையிடம் ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’ என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். மீறத்தான் வேண்டியிருக்கும், மீறினால் இன்னொரு பெரியவர் ஏமாற்றினார் என்றே அது எண்ணும். வீட்டில் இப்போதும் ஆபத்து இருக்கும் பெண்ணுக்கு 181, குழந்தைக்கு 1098, முதியவருக்கு 14567 என்ற எண்கள் உங்கள் கையேட்டில் இருக்கட்டும். 181 எண்ணை வெறும் எண்ணாக மட்டும், பெயர் போடாமல் எழுதிக் கொடுங்கள், கணவர் கைப்பையைத் துழாவுபவராக இருக்கலாம்.

நோயின் பெயரைப் பற்றி ஒரு சொல். நீண்ட காலக் கொடுமையின் விளைவாக, பழையது மீண்டும் மீண்டும் வருவது, தவிர்ப்பது, எப்போதும் ஆபத்தை உணர்வது ஆகியவற்றோடு உணர்ச்சிக் கட்டுப்பாட்டிலும் சுயமதிப்பிலும் உறவுகளிலும் ஏற்படும் ஆழ்ந்த பாதிப்பைச் சிக்கலான மனக்காயப் பின்விளைவு நோய் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-11 தனியாக வகைப்படுத்தியிருக்கிறது, 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் இவர்களில் பலர் ‘பார்டர்லைன்’ (ஒருவகை ஆளுமைக் கோளாறு) என்ற முத்திரையோடு அலைந்தார்கள், அந்தச் சொல்லைக் கேட்டாலே டூட்டி ரூமில் முகங்கள் சுளிக்கும். எந்தப் பெயர் சரி என்பது மருத்துவரின் பொறுப்பு. டூட்டி மாறும்போது செய்யும் ஹேண்ட் ஓவரில் ‘மேனிபுலேட் பண்றாங்க’ (நம்மை வளைக்கப் பார்க்கிறார்) என்பதற்குப் பதிலாக ‘காலை பத்து மணிக்குக் கணவர் வந்தார், பத்து நிமிடத்தில் வலிப்பு வந்தது’ என்று சொல்வது நம் பொறுப்பு.

இவற்றைக் கேட்டுக்கொண்டே இருந்தால் உங்களுக்கும் தூக்கம் கெடலாம், உங்கள் சொந்த அனுபவம் ஏதாவது மேலே எழலாம். செவிலியர்களிலும் தப்பிப் பிழைத்தவர்கள் இருக்கிறோம். உங்கள் பொறுப்பாசிரியரிடம் பேசுங்கள், இரவில் யாரும் இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக ஒன்று. நான்கு வாரம் முடிந்ததும் நீங்கள் போய்விடுவீர்கள். புறக்கணிப்பில் வளர்ந்தவர்களுக்கு மனிதர்கள் சொல்லாமல் மறைந்துபோவது பழகிய விஷயம், இப்போதுதான் அவர் உங்களைக் கவனிக்கத் தொடங்கியிருக்கலாம். கடைசி நாளில் போய்ச் சொல்லாதீர்கள். எந்தத் தேதிவரை வருவீர்கள் என்பதை நாளைக் காலையிலேயே சொல்லி, அவர் கட்டிலருகே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். உங்களுக்குப் பின் அவரைப் பார்க்கப்போகும் ஸ்டாஃப் நர்ஸை இந்த வாரத்திலேயே ஒருமுறை உடன் அழைத்துப்போய்ப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துவையுங்கள்.